இருசக்கர வாகனப் பயணம்: பயனும் அபாயமும்

பெங்களூரு மாநகரின் நடுப்பகுதியில், ஓசூர் சாலைக்குக் கிழக்கே, ஆஸ்டின் டவுன், விவேக்நகர் ஆகியவற்றை அடுத்து அமைந்துள்ளது நீலசந்திரா. 1809ஆம் ஆண்டில் பெங்களூருவில் பிரிட்டிஷ் ராணுவப் பாளையம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து தமிழ் பேசும் மக்கள் வந்து குடியேறிய கிழக்குப் பெங்களூருவின் பகுதிகளைப் போன்றே இங்கும் தமிழ், உருது, கன்னடம் ஆகிய மொழிகள் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. சந்துகள் குறுகியவை, வீடுகள் நெருக்கமானவை. கார் நுழைய இயலாத சந்துகளிலும் வாசற்படியை ஒட்டி ஒரு ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ நிற்பதைக் காணலாம். காலை எட்டு மணிக்கு இவ்வாகனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறி ஓசூர் சாலையின் நெரிசலில் கலக்கின்றன.

இவ்வாகனத்தை வாங்கிய குடும்பம் ஒரு பொருளாதார முடிவை எடுத்திருக்கிறது. அம்முடிவின் ஒரு பக்கம் பணமும் நேரமும். மறு பக்கம் உயிருக்கும் உடலுக்கும் நேரக்கூடிய ஆபத்து. முதல் பக்கத்தைக் குடும்பங்கள் பெரும்பாலும் சரியாகவே கணக்கிடுகின்றன. இரண்டாவது பக்கம் கணக்கில் சேர்வதே அரிது. இரண்டையும் அருகருகே வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளர்ச்சியின் வரலாறு

1951ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டிருந்த மோட்டார் வாகனங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 3 லட்சத்து 6 ஆயிரம். அவற்றில் இருசக்கர வாகனங்கள் 27 ஆயிரம். அதாவது 9 சதவிகிதத்திற்கும் குறைவு. 1981இல் மொத்தம் 53.9 லட்சமாகவும், இருசக்கர வாகனங்கள் 26.2 லட்சமாகவும் உயர்ந்து, அவற்றின் பங்கு ஏறத்தாழப் பாதியாயிற்று. 2011இல் மொத்தம் 14 கோடியைத் தாண்டியபோது, இருசக்கர வாகனங்கள் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தன. பெங்களூரு மாநகரில் இன்று பதிவாகியுள்ள வாகனங்கள் ஒரு கோடிக்கும் அதிகம். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்களே.

இவ்வளர்ச்சி தானாக நேர்ந்ததன்று. உற்பத்திக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்திய காலத்தில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1980இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. நீலசந்திராவின் அருகே செல்லும் சாலை முடிவடையும் ஊரே அது. 1980களின் நடுவில் உரிமக் கொள்கை தளர்த்தப்பட்டு, ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவில் எரிபொருள் சிக்கனமான வண்டிகள் சந்தைக்கு வந்தன. பின்னர் தவணைக் கடன் எளிதாகக் கிடைத்தது; கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெருகியதால் பெண்களும் பெரும் எண்ணிக்கையில் ஓட்டத் தொடங்கினர். இதே காலத்தில் நகரம் நாற்புறமும் விரிந்து, குடியிருப்புக்கும் பணியிடத்திற்கும் இடையிலான தூரம் மிகுந்தது. பஸ் வசதி அதே அளவுக்குப் பெருகவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது இருசக்கர வாகனமே.

பயனின் கணக்கு

ஓர் உதாரணத்தைக் கொண்டு பயனை மதிப்பிடலாம். நீலசந்திராவில் வசித்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் மாதம் 20,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரைக் கற்பனை செய்வோம். ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மாதம் 25 நாள் பணி எனில், 800 கிலோமீட்டர் பயணம்.

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு 16 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் விலை நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டியுள்ள நிலையில் இதற்கு ஏறத்தாழ 1,650 ரூபாய் ஆகும். ஒரு லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி பத்தாண்டு உழைக்குமெனில், தேய்மானம் மாதம் 830 ரூபாய். டயர், எண்ணெய், பழுதுபார்ப்பு ஆகியவற்றிற்கு 400 ரூபாயும் காப்பீட்டிற்கு 120 ரூபாயும் சேர்த்தால் மொத்தம் 3,000 ரூபாய்.

பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண பஸ் மாதச் சீட்டு, 2025 ஜனவரிக் கட்டண உயர்வுக்குப் பின் 1,200 ரூபாய் ஆயிற்று. ஆகவே பணச் செலவை மட்டும் பார்த்தால் ஸ்கூட்டர் மாதம் 1,800 ரூபாய் கூடுதலானது. ஆயினும் மக்கள் ஸ்கூட்டரையே நாடுவதற்குக் காரணம் நேரம். பஸ் நிறுத்தத்திற்கு நடப்பது, காத்திருப்பது, வழியில் ஒரு முறை மாறுவது ஆகியவற்றைச் சேர்த்து வீட்டிலிருந்து பணியிடம் அடைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றும், ஸ்கூட்டரில் ஐம்பது நிமிடம் ஆகிறது என்றும் கொண்டால், நாளொன்றுக்கு 80 நிமிடம் மிச்சம். மாதத்தில் இது 33 மணி நேரம். 1,800 ரூபாயை 33ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தை அவர் 55 ரூபாய்க்கும் குறைவாக விலைக்கு வாங்குகிறார் என்பது தெளிவாகிறது. மாதம் 200 மணி நேரம் உழைத்து 20,000 ரூபாய் பெறுபவருக்கு ஒரு மணி நேரத்தின் மதிப்பு 100 ரூபாய். எனவே ஸ்கூட்டர் வாங்கும் முடிவு ஆடம்பரமன்று. அறிவுக்கு ஒத்த முடிவே.

இதில் சேராத பயன்களும் உண்டு. போகும் வழியில் குழந்தையைப் பள்ளியில் விடலாம். மனைவியை அவரது பணியிடத்தில் இறக்கலாம். இரவுப் பணி முடிந்து பஸ் கிடைக்காத நேரத்திலும் வீடு திரும்பலாம். தையற்காரர், மின்பணியாளர், பொருள் விநியோகிப்பவர் போன்றோருக்கு வண்டியே பிழைப்புக் கருவி. நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய குடும்பத்திற்கு அதன் மதிப்பு ரூபாயில் அடங்காது.

பெண்களைப் பொறுத்தவரை இக்கணக்கு மாறியுள்ளது. 2023 ஜூன் 11ஆம் நாள் கர்நாடக அரசு தொடங்கிய சக்தித் திட்டத்தின்படி, மாநிலத்தைச் சேர்ந்த பெண்கள் அரசின் சாதாரண பஸ்களில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். மேற்கண்ட உதாரணத்தில் பணிக்குச் செல்பவர் பெண்ணாயின், ஸ்கூட்டரின் கூடுதல் செலவு 3,000 ரூபாய். மிச்சமாகும் ஒரு மணி நேரத்தின் விலை ஏறத்தாழ 90 ரூபாய். அதாவது, அது அவரது ஊதியத்தை நெருங்குகிறது. பொதுப் போக்குவரத்தின் கட்டணமும் வேகமும் மாறினால் மக்களின் முடிவும் மாறக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

அபாயத்தின் அளவு

இனி மறு பக்கம். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 74,897 பேர்; அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் அதிகம். உலகளவில் 2021இல் நேர்ந்த ஏறத்தாழ 11.9 லட்சம் சாலை மரணங்களில் இரு, மூன்று சக்கர மோட்டார் வாகனங்களில் சென்றோரின் பங்கு நூற்றுக்கு 21 என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்தியாவின் விகிதம் இதைப் போல் இரு மடங்கு.

இந்த எண் ஒரு தனி மனிதருக்கு எவ்வளவு அபாயத்தைக் குறிக்கிறது? 2020ஆம் ஆண்டில் நாட்டில் பதிவாகியிருந்த இருசக்கர வாகனங்கள் ஏறத்தாழ 24 கோடி. இவற்றோடு 2022ஆம் ஆண்டின் மரணங்களை ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,200 வாகனங்களுக்கு ஓர் உயிர் என்ற விகிதம் கிடைக்கிறது. பதிவேட்டில் மட்டும் இருந்து சாலையில் ஓடாத பழைய வண்டிகளைக் கழித்தால், உண்மையான அபாயம் இதைவிட மிகுதி. எனினும் இந்தக் குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 25 வயதில் வண்டி ஓட்டத் தொடங்கி 58 வயது வரை பணிக்குச் செல்லும் ஒருவரது 33 ஆண்டுக் காலத்தில், அவரது வண்டியில் ஓர் உயிர் பறிபோகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. நூறு வண்டிகள் நிற்கும் ஒரு தெருவில், ஒரு தலைமுறைக் காலத்தில் சராசரியாக ஒரு வீட்டிற்கு இத்துயரம் நேரும் என்பதே இதன் பொருள். எலும்பு முறிவு, நிரந்தர ஊனம், மூளைக் காயம் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

இறப்போர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டின் சாலை மரணங்களில் 83 சதவிகிதத்தினர் 18 முதல் 60 வயதுக்கு உட்பட்டோர். குடும்பத்திற்காகச் சம்பாதிக்கும் வயதினரே பெரும்பாலும் மடிகின்றனர்.

சராசரி மறைக்கும் உண்மை

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. நமது உதாரணத்தில் வரும் ஊழியருக்கு இன்னும் 20 ஆண்டுப் பணிக்காலம் உள்ளது எனில், அவர் ஈட்டக்கூடிய ஊதியம் இன்றைய அளவிலேயே 48 லட்சம் ரூபாய். இதனை 3,200ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1,500 ரூபாய். மாதத்திற்கு 125 ரூபாய். மாதம் 33 மணி நேரத்தை மிச்சப்படுத்தும் வண்டிக்கு 125 ரூபாய் இழப்பு பெரிதாகத் தோன்றாது. கணக்கு அறிந்தோரும் அறியாதோரும் அபாயத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் மாதம் 125 ரூபாயை இழக்கும் குடும்பம் எதுவும் இல்லை. 3,199 குடும்பங்கள் எதையும் இழப்பதில்லை. ஒரு குடும்பம் 48 லட்சத்தையும் இழக்கிறது. அக்குடும்பத்தின் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வண்டிக் கடனின் தவணையும் சராசரியைக் கேட்டு நிற்பதில்லை. பயன் நாள்தோறும் சிறுகச் சிறுக வருகிறது. அபாயம் என்றோ ஒரு நாள் முழுமையாக வருகிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது தவறு. ஆகவே, வண்டியை விட்டுவிடுவதா வைத்துக்கொள்வதா என்று மட்டும் கேட்பது போதாது. பயனை இழக்காமல் அபாயத்தின் எந்தப் பகுதியை, எவ்வளவு செலவில் குறைக்கலாம் என்று கேட்பதே முறை. அவ்வாறு கேட்டால், குறைக்கக்கூடிய பகுதி மிகப் பெரிது என்பது தெரியவரும்.

தலைக்கவசம்

2022ஆம் ஆண்டில் இருசக்கர வாகன விபத்துகளில் உயிரிழந்தோரில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதவர்கள். இவர்களில் 35,692 பேர் ஓட்டியவர்கள். 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். தலைக்கவசம் அணிந்திருந்தால் இவர்கள் அனைவரும் பிழைத்திருப்பார்கள் என்று கூற இயலாது. எனினும், பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் மரண வாய்ப்பை 42 சதவிகிதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவிகிதமும் குறைப்பதாக முடிவு கண்டது.

காரணம் எளிது. வண்டி திடீரென நிற்கும்போது ஓட்டுபவரின் உடல் அதே வேகத்தில் முன்னே எறியப்படுகிறது. தலை தரையில் மோதும் கணத்தில், கவசத்தினுள் உள்ள நுரைப் பொருள் நசுங்கி அதிர்ச்சியின் பெரும் பகுதியைத் தான் ஏற்கிறது. வெளி ஓடு மோதலின் விசையைப் பரவச் செய்கிறது. தாடைப் பட்டை பூட்டப்படாவிடில் முதல் மோதலிலேயே கவசம் கழன்றுவிடும். அப்போது அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒரு முறை பலமாக மோதிய கவசத்தின் நுரை மீண்டும் பயன்படாது. நுரையே இல்லாத வெறும் பிளாஸ்டிக் தொப்பி அபராதத்திலிருந்து காக்கலாம், மரணத்திலிருந்து காக்காது. இதனாலேயே 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசங்களை மட்டுமே உற்பத்தி செய்யவும் விற்கவும் வேண்டுமென மத்திய அரசு ஆணையிட்டது.

கர்நாடகத்தில் பின்னிருக்கைப் பயணிக்கும் தலைக்கவசம் 2016இல் கட்டாயமாக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் இதனை விரிவுபடுத்தியது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் தலைக்கவசமும், ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் வேண்டுமென்ற விதி 2022இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆயினும், தந்தை கவசம் அணிந்திருக்க, முன்னே நிற்கும் குழந்தையும் பின்னே அமர்ந்த தாயும் வெறுந்தலையுடன் செல்லும் காட்சி நகரத் தெருக்களில் இன்றும் காணக்கூடியதே.

சட்டத்தால் இப்பழக்கத்தை மாற்ற இயலுமா என ஐயுறுவோருக்கு வியட்நாம் ஒரு சான்று. மோட்டார் சைக்கிளே முதன்மை வாகனமான அந்நாட்டில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. உறுதியான அமலாக்கத்தின் விளைவாகச் சில மாதங்களுக்குள்ளாகவே அணிவோர் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலாயினர்.

நல்ல தலைக்கவசம் ஒன்றின் விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றும், அது நான்கு ஆண்டு உழைக்கும் என்றும் கொண்டால், மாதம் ஏறத்தாழ முப்பது ரூபாயே ஆகும். வண்டிக்கென மாதம் 3,000 ரூபாய் செலவிடும் குடும்பம் இந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கி, தன் மிகப் பெரிய அபாயத்தின் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். இதைவிட ஆதாயமான முதலீடு அக்குடும்பத்தின் வரவு செலவில் வேறு இருக்க முடியாது.

நீலசந்திராவிற்கு அருகே, அதே ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் அமைந்துள்ளது. மூளைக் காயங்களுக்குச் சிகிச்சை அளிப்பதிலும் அவற்றின் காரணங்களை ஆராய்வதிலும் நீண்ட அனுபவம் பெற்ற நிறுவனம் அது. அத்தகைய சிகிச்சை அருகிலேயே கிடைப்பது பெரும் பேறு. ஆனால் மூளைக்கு நேர்ந்த சேதம் முழுமையும் சீராவது எல்லா நோயாளிகளுக்கும் வாய்ப்பதில்லை.

வேகம்

2022ஆம் ஆண்டின் சாலை மரணங்களில் 71 சதவிகிதம் மிகை வேகத்தின் விளைவாகப் பதிவாகியுள்ளன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறார். எதிரே தடையைக் கண்டு பிரேக் பிடிப்பதற்கு ஒரு நொடி ஆகுமெனில், அதற்குள் 11 மீட்டர் சென்றுவிடுகிறது. அதன்பின் உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 12 மீட்டர் தேவை. மொத்தம் 23 மீட்டர். வேகம் 60 கிலோமீட்டராயின் இத்தூரம் ஏறத்தாழ 44 மீட்டராகிறது. வேகம் ஒன்றரை மடங்கே கூடியுள்ளது. நிற்கும் தூரமோ இரு மடங்கை நெருங்குகிறது. மோதலின் ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது.

இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பத்துக் கிலோமீட்டர் தூரத்தைத் தடையின்றி 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம். சிக்னலும் நெரிசலும் நிறைந்த நகரச் சாலையில் அந்த ஐந்து நிமிடமும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஸ்கூட்டர் தரும் 80 நிமிட மிச்சம் வேகத்தால் வருவதன்று. காத்திருப்பும் மாறுதலும் இல்லாமையால் வருவது. ஆகவே வேகத்தைக் குறைப்பவர் தம் பயனில் எதையும் பெரிதாக இழப்பதில்லை.

மழைக்காலத்தில் ஈரச் சாலையில் நிற்கும் தூரம் இன்னும் நீள்கிறது. மணல் சிதறிய வளைவிலும் பள்ளத்திலும் இருசக்கர வாகனம் சமநிலை இழப்பது எளிது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பு 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், இரு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே இயங்கும் அமைப்பு அதற்குட்பட்டவற்றிற்கும் 2018, 2019ஆம் ஆண்டுகளில் கட்டாயமாக்கப்பட்டன. மது அருந்தி ஓட்டுவதும், பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுப்பதும் எவ்விதப் பயனும் இன்றி அபாயத்தை மட்டும் கூட்டுபவை. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்துள்ளது.

காப்பீடு

இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் எஞ்சும் அபாயத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு ஏற்பட்டதே காப்பீடு. 3,200 பேரும் சிறு தொகை செலுத்த, இழந்த ஒருவரின் குடும்பம் கைதூக்கிவிடப்படுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு இதன் ஆண்டுக் கட்டணம் 2022இல் 714 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2018இல் புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டுமென்ற முறை வந்தது. அந்த ஐந்தாண்டு முடிந்த பின் புதுப்பிக்கத் தவறுவது பரவலாகக் காணப்படும் குறை.

இரண்டு செய்திகளைப் பலர் அறிவதில்லை. முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு பிறருக்கு நேரும் இழப்பிற்கானது, ஓட்டும் உரிமையாளருக்கானதன்று. அவருக்கென 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியே உள்ளது. அது செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் பெற்றிருந்தால் மட்டுமே பயன் தரும். இரண்டாவது, சட்டம் கட்டாயமாக்கும் குறைந்தபட்சக் காப்பீடு பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் குடும்பத்தினரைப் பாதுகாக்காது என்பதை 2006இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாள்தோறும் மனைவியைப் பின்னே ஏற்றிச் செல்பவர் அவருக்கும் சேர்த்துக் கூடுதல் காப்பீடு எடுப்பது அவசியம்.

ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தொழிலாளருக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்து, பணியோடு தொடர்புடையதென நிறுவப்பட்டால், பணியின்போது நேர்ந்ததாகவே கருதப்படும் என 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கொள்கை இடம் பெற்றுள்ளது. விபத்தில் சிக்கியோருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவிக்கை செய்தது.

சமுதாயத்தின் பங்கு

தனி மனிதரின் கணக்கில் சரியாக அமையும் முடிவு, நகரம் முழுவதற்கும் சரியாக அமைவதில்லை. இந்தியச் சாலைகள் பேராயம் 1990ஆம் ஆண்டில் நகரச் சாலைகளுக்கு வகுத்த நெறிமுறைகளில், சாலையில் அடைக்கும் இடத்தைக் குறிக்க ஒரு காரை ஓர் அலகாகக் கொண்டு, இருசக்கர வாகனத்திற்கு 0.75 வரையும் பஸ்ஸுக்கு 3.7 வரையும் மதிப்பிடப்பட்டுள்ளது. அறுபது பேர் ஒரு பஸ்ஸில் சென்றால் 3.7 அலகு. அவர்களே வண்டிக்குச் சராசரி ஒன்றரை பேராக நாற்பது ஸ்கூட்டர்களில் சென்றால் 30 அலகு. அதாவது எட்டு மடங்கு இடம். ஒவ்வொருவரும் நேரத்தை மிச்சப்படுத்த ஸ்கூட்டருக்கு மாற, சாலை நிறைந்து, பஸ் மேலும் தாமதமாகி, எஞ்சிய பஸ் பயணிகளும் ஸ்கூட்டரை நாடுகின்றனர். தம் வண்டியால் பிறருக்கு நேரும் அபாயத்தையும் மறத்தலாகாது. 2022இல் உயிரிழந்தோரில் 32,825 பேர் சாலையில் நடந்து சென்றவர்கள். நடைபாதையில் ஏறிச் செல்லும் வண்டி அவர்களது கடைசிப் புகலிடத்தையும் பறித்துக்கொள்கிறது.

இச்சுழலை உடைப்பது தனி நபரால் ஆகாது. அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டியது. 2019இல் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு முதல் கிருஷ்ணராஜபுரம் வரை பஸ்ஸுக்கெனத் தனிப் பாதை ஒதுக்கப்பட்டது. பின்னர் மெட்ரோ கட்டுமானப் பணிகளுக்கிடையே அது நிலைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர வாகனங்கள் தடை செய்யப்பட்டன. வேகத்தில் பெரும் வேறுபாடுள்ள வாகனங்களை ஒரே பாதையில் விடுவது ஆபத்து என்ற அடிப்படையில் எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. 2025 ஆகஸ்ட் 10ஆம் நாள் ராஷ்ட்ரீய வித்யாலயா சாலையிலிருந்து சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது.

நமது உதாரண ஊழியருக்கு இத்தடம் ஒரு புதிய வழியைத் தருகிறது. சில்க் போர்டு வரை உள்ள சில கிலோமீட்டரை மட்டும் பஸ்ஸிலோ வண்டியிலோ கடந்து, எஞ்சிய நீண்ட தூரத்தை மெட்ரோவில் செல்லலாம். லாரிகளும் பஸ்களும் விரையும் நெடுஞ்சாலைப் பகுதியில் அவர் நாள்தோறும் செலவிடும் நேரம் இதனால் இல்லாமற்போகும். ஆனால் நிலையத்திற்குச் சென்றுசேர நம்பகமான இணைப்பு பஸ்ஸும், வண்டி நிறுத்த மலிவான இடமும், தாங்கக்கூடிய கட்டணமும் இருந்தால்தான் அவர் இதனை ஏற்பார். முன்னர்க் கண்ட அதே மணிக் கணக்கை அவர் மீண்டும் போட்டுப் பார்ப்பார் என்பதைத் திட்டமிடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

முடிவுரை

இருசக்கர வாகனம் உழைக்கும் குடும்பத்திற்கு நேரத்தையும் வாய்ப்பையும் தந்துள்ளது. பஸ்ஸும் ரயிலும் எல்லா வாசல்களையும் எட்டாத வரை, அதனைத் துறக்குமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அதே வேளையில், அதன் அபாயத்தை விதியென விட்டுவிடுவதும் பொருந்தாது. தாடைப் பட்டை பூட்டிய தலைக்கவசம், மிதமான வேகம், செல்லுபடியாகும் உரிமமும் காப்பீடும் ஆகிய மூன்றும் வண்டியின் பயனில் எதையும் குறைப்பதில்லை; அபாயத்தின் பெரும் பகுதியைக் குறைக்கின்றன, நேர்ந்த இழப்பின் சுமையைப் பகிர்கின்றன. இவை குடும்பத்தின் கையில் உள்ளவை. பள்ளமற்ற சாலை, நடைபாதை, காலத்தில் வரும் பஸ், முறையான சட்ட அமலாக்கம் ஆகியவை நிர்வாகத்தின் கையில் உள்ளவை.

நீலசந்திராவின் சந்துகளிலிருந்து காலையில் வெளியேறும் வண்டிகள் அனைத்தும் மாலையில் திரும்ப வேண்டுமெனில், இவ்விரு தரப்பாரும் தத்தம் பங்கைத் தவறாமல் ஆற்ற வேண்டும்.